பொரியிட்ட கை

1

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று என் பழைய வீடியோ டெக்கின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். [டெக் ஓடாது. சத்தியத்துக்கு ஓடவேண்டியதில்லை.] 1994இல் மைசூர் விஜயநகரில் கல்யாணங்களை வீடியோ எடுத்து, நானே வெட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கதை அப்படித்தான் கிடைத்தது.

2

அது ஒரு மழைக்கால மாலை, வானம்...

வேண்டாம். வானத்தை நான் எடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஸ்ரீகண்டனின் மகள் பிரதிபா, கல்யாணமான பத்தாம் நாள் என் அறைக்கு வந்தாள்.

"அங்கிள், பொரியிடற எடத்துல எங்கண்ணா வரணும்."

"அவர் கல்யாணத்துக்கே வரலையேம்மா."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

அண்ணன் ஜெயகிருஷ்ணன் ரயில்வே வேலையை வேண்டாமென்று சொல்லி ஹனூரில் டிராக்டர் பட்டறை வைத்தவன். வாசலை மிதிக்காதே என்று அப்பா சொல்லி இரண்டு வருடம். மணப்பெண்ணின் கையில் பொரியிட வேண்டியது அண்ணன். அன்று இட்டவன் சித்தப்பா மகன் உதயகுமார். [இவன் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். இவன் வாட்ச் தேவை. இருக்கட்டும்.]

"அப்பாவை ஏமாத்தவா?"

"அப்பா அங்கயேதானே உக்காந்திருந்தார்? கேசட் அண்ணாவுக்கு. அவன் எடம் இன்னும் இருக்குன்னு தெரியணும். இல்லேன்னா வரவே மாட்டான். ஸ்வல்ப பாத்துப் பண்ணுங்க."

3

ஒரு முகத்துக்கு முன்னால் எந்த ஷாட்டை வைக்கிறோமோ, முகம் அதைத்தான் நினைக்கும். என் தொழிலின் முழு ரகசியமும் இவ்வளவுதான். அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பால் பொங்குவதைப் பார்த்து நின்ற ஜெயகிருஷ்ணனின் முகம் என்னிடம் இருந்தது. பொரியிடும் கை, குளோசப். கட். அந்த முகம். கட். பிரதிபா. பாலைப் பார்த்தவன் தங்கையைப் பார்த்தான்.

கன்டின்யூட்டியில் கோட்டை விட்டேன். ஒரு ஷாட்டில் இருப்பது அடுத்ததிலும் இருக்கவேண்டும் என்பது விதி. குளோசப்பில் உதயகுமாரின் தங்கநிற வாட்ச். ஜெயகிருஷ்ணனோ வாட்சே கட்டியதில்லை. அது தன் கை இல்லையென்று பார்த்ததும் தெரிந்துவிடும். நான் கவனிப்பதற்குள் கேசட் ஹனூர் பஸ் ஏறிவிட்டது.

4

கேசட்டைப் பார்த்த ஜெயகிருஷ்ணன் கோபத்தில் அதை...

இல்லை. அப்படிப்பட்ட ஆளென்று நான் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் அப்பா வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். பிறந்த வீட்டுக்கு வந்திருந்த பிரதிபா ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொல்கிறேன். அவன் கையில் புத்தம் புது வாட்ச். தங்கநிறம்.

ஸ்ரீகண்டன் வெளியே வந்தார். வெகுநேரம் அந்த வாட்சையே பார்த்தார்.

"மணி என்ன ஆறது?"

"பத்தேகால்ப்பா."

"பொரியிடற நேரம் ஒம்போதரை."

சொல்லிவிட்டு கேட் தாழ்ப்பாளின் மேல் கைவைத்தார்.

இங்கே கட். திறக்கவா, இறுக்கவா என்று அந்தக் கையைப் பார்த்து யாராலும் சொல்லமுடியாது. அடுத்த ஷாட்டை நீங்கள் வையுங்கள். டிசால்வ் மட்டும் போடாதீர்கள். அவர் கரைகிற ஆள் இல்லை.

நான் சத்தியம் செய்தது ஓடாத டெக்கின் மேல் என்பது நினைவிருக்கட்டும். ஒரு தகவல் பாக்கி. பிரதிபாவின் கல்யாணத்தன்று கேமராவுக்குள் கேசட் போட நான் மறந்துவிட்டேன்.