நடுவரின் மூச்சு

என் அக்காவைவிட ஆஸ்துமாதான் அவள் புருஷனான மாமாவுக்கு மூத்த சொந்தம். அதையும் இழுத்துக்கொண்டு கால்பந்து நடுவராக மைதானம் முழுக்க ஓடியவர், இந்த வருடம் மாடிப்படி ஏறவே திணறினார். நிமோனியா என்று மருந்து கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் மறைந்த வெள்ளைத் திட்டு மறுபக்கம் முளைத்தது. “விசிலை மறந்துடுங்க” என்று நடுவர் சங்கச் செயலாளர் சொன்ன அன்று மாமா சாப்பிடவில்லை. மைதானத்தில் அவரிடம் அதிகம் திட்டு வாங்கிய ஆட்டக்காரன் நான்தான். அந்த நானே அவர் விசிலைத் துடைத்துப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

புதிதாக ஒரு நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மாமா அறைக்குள் நுழைந்தார். இடது கால் செருப்பு வாசலிலேயே தங்கிவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை.

“என்ன மாமா, ஒத்தச் செருப்பைக் காவலுக்கு விட்டுட்டீங்களா?” என்றேன்.

மருத்துவர் அம்மா சிரிக்கவில்லை. “இது எவ்வளவு நாளா?”

“செருப்பு லூசும்மா. மூணு ஜோடி மாத்திட்டேன்” என்றார் மாமா.

மூச்சுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவன் செருப்பைப் பற்றியா பேசுவான்? நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவரோ கீழே குனிந்து, மாமாவின் பாதத்தைப் பஞ்சால் தடவினார்.

“தெரியுதா?”

“நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!”

ரத்தம், மூக்கு, நரம்பு என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டுச் சொன்னார்: “ஆஸ்துமா இருக்கறவங்கள்ல ரொம்ப அபூர்வமா சிலருக்கு வர்றது இது. சின்ன ரத்தக் குழாயெல்லாம் அழற்சியில வீங்கிடும். நுரையீரல் திட்டு, கால் நரம்பு மரத்துப்போனது ரெண்டுக்கும் ஒரே காரணம்தான். மருந்து இருக்கு.”

“விசில் ஊதலாமா?”

“முதல்ல மூச்சு விடுங்க. அப்புறம் ஊதலாம்.”

ஸ்டீராய்டு மாத்திரையில் மாமாவின் முகம் உப்பியது. “இப்பத்தான் மாப்பிள்ளைக் களையே வந்திருக்கு” என்றாள் அக்கா. பிறகு மாதம் ஓர் ஊசி. மூச்சு சீக்கிரம் திரும்பியது. கால்தான் அடம்பிடித்து, மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.

மாமா மைதானத்துக்குத் திரும்பிய முதல் ஆட்டம். அவர் மறுகோடியில் இருந்தார். எங்கே பார்க்கப் போகிறார் என்ற தைரியத்தில் நான் எதிரணிக்காரனின் காலை வாரிவிட்டேன். நீளமாக விசில் கேட்டது. முழு மைதானத்தையும் ஓடிக் கடந்து வந்தவர், கொஞ்சமும் இரைக்காமல் சிவப்பு அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“வெளிய போடா!”

“மாமா, சொந்த மச்சினன்...”

“போடான்னா!”

பார்வையாளர்களில் அக்காதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அழுதுகொண்டே, கைதட்டிக்கொண்டே வெளியேறினேன்.