மின்சாரத்துக்காகக் காத்திருக்கிறது

சொனுன் அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் வந்து நின்றபோது, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நுர்ஜாத் முதலில் நினைத்தாள்.

"லேப்டாப் போச்சு பொண்ணே. டாக்சியில விட்டுட்டேன்."

சொனுன் அத்-பாஷி கிராமத்தில் காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொடுக்கும் நர்ஸ். மாதக் கூட்டத்துக்காகக் காலையில் ஷேர் டாக்சி ஏறி நாரின் நகர அலுவலகத்துக்கு வந்திருந்தாள். வண்டியின் பின்பெட்டியில் யாருடையதோ ஆட்டுக்கறி மூட்டை. அதற்கு அடியில் லேப்டாப் பை. சந்தை முனையில் இறங்கியவள் துணிப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். கூட்டத்தில் அவள் முறை வந்தபோதுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. வண்டி தலைநகர் பிஷ்கேக் பக்கம் போயே போய்விட்டது. டிரைவர் யாரென்று தெரியாது.

"பேரெல்லாம் அதுலதான் இருக்கு," என்றாள் சொனுன். "பேரு, வீடு, எந்த மாத்திரை, எத்தனை மாசம். ஐதானா பேரும் இருக்கு. சனிக்கிழமை அவளைக் கட்டிக் குடுக்குறாங்க. பையன் வீட்டுக்கு ஒண்ணும் தெரியாது. என் வீட்டு மாட்டுக்கொட்டாய் வழியா வந்து மாத்திரையை முழுங்கிட்டுப் போற பிள்ளை அது. இப்ப அவகிட்டேருந்து யாருக்கும் ஒட்டாது, மருந்தும் முடியப் போவுது. ஆனா எந்த மாமியார் அதைக் காதுல வாங்குவா?"

நுர்ஜாத்தின் வேலை, மாவட்டமெங்கும் சிதறிக் கிடக்கும் நர்ஸ்களின் லேப்டாப்களை இங்கே உட்கார்ந்தபடி ஒரே சர்வரிலிருந்து கவனித்துக்கொள்வது. போன மாதம் பிஷ்கேக்கிலிருந்து உத்தரவு வந்தது. எல்லா லேப்டாப்பின் டிஸ்க்கையும் குறியாக்கம் செய்து பூட்டிவிட வேண்டும். பூட்டிவிட்டால், திருடியவன் டிஸ்க்கைத் தனியே கழற்றி எதில் மாட்டினாலும் வெறும் குப்பை எழுத்துதான் தெரியும். நுர்ஜாத் ஆணையை அனுப்பினாள். திரையில் ஒவ்வொரு லேப்டாப்பின் வரியும் பச்சையானது. அலுவலகத் தலைவர் குபாத், "எல்லாம் பூட்டியாச்சு" என்று பிஷ்கேக்குக்கு எழுதிவிட்டார்.

அந்தக் குபாத் இப்போது கையில் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து அவள் திரையை எட்டிப் பார்த்தார்.

"சொனுன் அக்கா மெஷின் பச்சைதானே? அப்புறம் ஏன் ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி நிக்கிறீங்க?"

நுர்ஜாத் அந்தப் பச்சை வரியைத் திறந்தாள். 'ஆணை கிடைத்தது' என்று இருந்தது. பச்சை அதற்குத்தான். அதற்குக் கீழே இன்னொரு வரி சிறிய எழுத்தில் இருந்தது. 'மின்சாரத்துக்காகக் காத்திருக்கிறது.'

பழைய பேட்டரிகள் பாதி வேலையில் கைவிட்டுவிடும் என்று பயந்து, சார்ஜரில் இருக்கும்போது மட்டும்தான் பூட்ட வேண்டும் என்று விதி போட்டவள் அவளே.

"அக்கா, சாயந்திரம் அணைக்காம சுவத்துல செருகி வெச்சுட்டுப் போங்கன்னு சொன்னேனே."

"சொன்னே. எங்க ஊர்ல எவளாவது அப்படிச் செய்வாளா? போன குளிர்ல ஒரு ராத்திரி கரண்ட் எகிறி, மருந்து வெச்ச ஃப்ரிட்ஜே கருகிப் போச்சு. நான் வீட்டுக்குக் கிளம்பும்போது கெட்டிலைக்கூடப் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் போவேன்."

"பகல்ல?"

"பகல்ல அது என் பையில இருக்கும். சார்ஜ் ஏத்தினாலும் அணைச்சு வெச்சுத்தான் ஏத்துவேன். நான் வீடு வீடா சுத்துறவ. உன்ன மாதிரி நாற்காலியில உக்காந்திருக்கேனா?"

"சரி, பாஸ்வேர்ட் இருக்கில்ல?" என்றார் குபாத்.

"நாலு திருகாணியைக் கழட்டினா டிஸ்க் கையோட வந்துடும் அண்ணே," என்றாள் நுர்ஜாத். " பிஷ்கேக் சந்தையில அதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க."

குபாத் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அதன்பின் மூவரில் ஒருவராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சொனுன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். அந்த மெஷினுக்குள் சிம் இருந்தது. யாராவது திறந்தால் சர்வருக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது, உயிரோடு இருப்பது மட்டும் தெரியும். தூரத்திலிருந்தே அழித்துவிடும் வசதிக்கு அலுவலகம் பணம் கட்டவில்லை. நுர்ஜாத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. இமைத்தால் தவறவிட்டுவிடுவோமோ என்று பயந்தாள்.

வரி அசைந்தது.

"வந்துடுச்சு! யாரோ திறந்திருக்காங்க."

"பிரிக்கிறானா?" சொனுன் ஓடி வந்தாள்.

"இல்லக்கா. சார்ஜர்ல போட்டிருக்காங்க." நுர்ஜாத் திரையைத் தொட்டுக் காட்டினாள். "பூட்ட ஆரம்பிச்சிருக்கு."

ஒரு மாதமாக நடக்காத வேலை, முகம் தெரியாத யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் நடந்துகொண்டிருந்தது. மெல்லிய கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது. நகர்கிறதா என்று உற்றுப் பார்த்தால் நகராதது போலிருந்தது.

"உடனே ஒரு சேதி போடு," என்றார் குபாத். "திருப்பித் தந்தா சன்மானம்னு போடு. நம்ம நம்பரைப் போடு. திரையில வரும்ல?"

"வரும். இப்ப வேணாம் அண்ணே. திருட்டுப் பயலா இருந்தா, யாரோ பார்க்குறாங்கன்னு தெரிஞ்சதும் பிடுங்கிடுவான். பூட்டு பாதியில நின்னுடும்."

"நல்லவனா இருந்தா?" என்றாள் சொனுன்.

"நல்லவனா இருந்தா கொஞ்ச நேரம் கழிச்சும் நல்லவனாத்தான் இருப்பான்."

"உனக்கென்ன, சொல்லுவே. அதுல இருக்கிறது உன் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பேரில்லையே!"

நுர்ஜாத்துக்குச் சுருக்கென்றது. சேதிப் பெட்டியைத் திறந்து, அலுவலக நம்பரைத் தட்டினாள். ஒரு விரல் அழுத்தினால் போய்விடும். அழுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கோடு பாதியைத் தாண்டியதும் நின்றது. மறுபடி அதே வரி. மின்சாரத்துக்காகக் காத்திருக்கிறது.

"பிடுங்கிட்டான்," என்று சொனுன் தொடையில் அடித்துக்கொண்டாள்.

"அட, கரண்ட் போயிருக்கும் அக்கா! குளிர்காலத்துல எந்த ஊர்ல போகல?" குபாத் போனை எடுத்தார். பிஷ்கேக் சாலை நெடுக அவருக்குச் சொந்தக்காரர்கள். ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, நலம்கூட விசாரிக்காமல், "உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்றார். ஒரு அத்தை கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். கொச்கோரில் இருந்த மச்சான்தான், "இப்பத்தான் போச்சு, ஏன், நீயா பிடுங்கினே?" என்றான்.

"வைக்காதே. வந்ததும் சொல்லு."

மூவரும் அந்தப் போனையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார்கள். மச்சான் மறுமுனையில் யாரையோ தேநீர் கேட்டான், நாயைத் திட்டினான், பனியைக் குறை சொன்னான். "ஆங், வந்துடுச்சு," என்றான். திரையில் கோடு நகர்ந்தது.

"கொச்கோர்ல இருக்குடா!" என்று குபாத் கத்தினார். "ரோட்டோர டீக்கடை எல்லாம் போய்ப் பாரு!"

"எதைப் பாக்க?"

"கறுப்புப் பை! லேப்டாப்! ஓடு!"

"அவரை இப்ப அனுப்பாதீங்க அண்ணே," என்று நுர்ஜாத் கெஞ்சினாள். ஆனால் மச்சான் ஏற்கனவே பூட்ஸ் தேடிக்கொண்டிருந்தான்.

கோடு முக்காலுக்கு வந்தது. அதையும் கடந்தது. சொனுன் நுர்ஜாத்தின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கோடு விளிம்பைத் தொட்டது. பூட்டின் சாவி எண் சர்வருக்கு வந்து சேர்ந்தது.

நுர்ஜாத் உடனே சேதியை அழுத்தினாள். அது போய்ச் சேர்வதற்குள் வரி சாம்பல் நிறமானது. யாரோ மூடிவிட்டார்கள்.

காத்திருந்தார்கள். மறுபடி உயிர் வரவில்லை. நம்பருக்கு யாரும் கூப்பிடவில்லை. மச்சான் எல்லாக் கடையும் ஏறி இறங்கிவிட்டு, ஒரு கடைக்காரன் தன்னைப் போலீஸ் என்று நினைத்துச் சூப் கொடுத்ததாக மட்டும் சொன்னான்.

"முன்னாடியே சேதி போட்டிருந்தா திரும்பி வந்திருக்கும்," என்றாள் சொனுன்.

"வந்திருக்கலாம் அக்கா."

"இந்த மாசம் யாரு எவ்வளவு முழுங்கினாங்கன்னு திரும்ப வீடு வீடா போய்க் கேக்கணும். இந்தப் பனியில."

"ஆமாக்கா."

"ஐதானா பேரு?"

"இனி யாரு பிரிச்சாலும் தெரியாது. எனக்கே சாவி இல்லாமத் தெரியாது."

சொனுன் அப்போதுதான் கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். குபாத்தின் ஆறிப்போன தேநீரை எடுத்து, யாரையும் கேட்காமல் குடித்தாள். அவளுக்கு நுர்ஜாத் மேல் கோபம் போகவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள்.

"அப்பாடா," என்றார் குபாத். "பூட்டின மெஷின்தான் காணாமப் போச்சுன்னு எழுதிடுறேன். பொய்யும் இல்ல."

நுர்ஜாத் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. பட்டியலில் அடுத்த பச்சை வரியின் மேல் அவள் விரல் நின்றிருந்தது.

"அதைத் திறக்காதே தாயே," என்றார் குபாத்.

திறந்தாள். மின்சாரத்துக்காகக் காத்திருக்கிறது. அடுத்ததைத் திறந்தாள். அதுவும். அதற்கடுத்ததும். இந்த மாவட்டத்தில் எந்த நர்ஸ்தான் எதையும் செருகி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்? ஒவ்வொரு பச்சைக்குள்ளும் ஐதானாவைப் போல யாரோ ஒரு பெண் கொட்டாய் வழியாக வந்துபோய்க்கொண்டிருந்தாள்.

அவள் போனை எடுத்து ஜும்கால் பக்கத்து நர்ஸைக் கூப்பிட்டாள்.

"ராக்கியா அக்கா, நான் நுர்ஜாத். உங்க லேப்டாப் இப்ப எங்க இருக்கு?"

"பையிலதான். ஏம்மா? நான் குதிரைவண்டியில போயிட்டிருக்கேன்."

"முதல்ல எந்த வீடு வருதோ அங்க இறங்குங்க. லேப்டாப்பைத் திறந்து சுவத்துல செருகுங்க. முடியுற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருங்க."

"யாரு வீடுன்னே தெரியாதே! என்னன்னு சொல்லி நுழையுறது?"

"டீ குடிக்க வந்தேன்னு சொல்லுங்க," என்றாள் நுர்ஜாத். "நான் போனை வைக்கல அக்கா. இறங்கிட்டீங்களா?"