ஒரு புள்ளி அகலக் கோடு

என் ஓரகத்திக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, இப்போது குத்துகிறதே குடைகிறதே என்று யாரிடம் போய் அழுவது?

நாங்கள் செய்வது திரைகளுக்கான பின்னணி டிசைன். ஒரு சின்னச் சதுரம் வரைந்தால் போதும்; கம்ப்யூட்டர் அதையே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கித் திரையை நிரப்பிவிடும். ஒரு சதுரம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் அதை ‘ஜாயின்ட்’ என்போம். அதைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆபீஸில் எனக்குப் பெயரே பூதக்கண்ணாடி.

ஒரு போன் கம்பெனி, தன் புது மாடலைத் திறந்ததும் தெரியும் பின்னணிக்கு டிசைன் கேட்டது. நான் மூன்று வாரம் குனிந்த தலை நிமிராமல் இலை நரம்புகளாக இழைத்தேன். எனக்குப் பதினொரு வருஷ அனுபவம். அவளோ, துவைத்துக் காய்ந்த படுக்கை விரிப்பின் சுருக்கங்களைப் படமெடுத்து, இரண்டே மதியத்தில் ஒரு சதுரமாக்கிக் கொண்டுவந்து நின்றாள்.

“அக்கா, ஜாயின்ட் இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன். எனக்கு பயமா இருக்கு.”

பார்த்தேன். சதுரத்தைப் பாதி நகர்த்தினால் ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும். குற்றம் இருந்தால் அங்கே காட்டிக் கொடுக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கியும் ஒன்றுமில்லை. வயிறு எரிந்தது. அந்த விரிப்பில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாம் போல் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் இலைகளைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றாது.

அவள் டீ குடிக்கப் போனாள். அவள் சதுரத்தின் வலது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி அகலத்துக்கு நிறத்தை வெளுக்க வைத்தேன். கம்பெனிக்காரர்கள் கோட்டைப் பார்ப்பார்கள், தள்ளிவிடுவார்கள், அடுத்தது என்னுடையதுதான்.

அவள் திரும்பி வந்ததும், “பாத்துட்டேன், அனுப்பிடு,” என்றேன்.

அவளுடையதுதான் தேர்வானது.

புது மாடல் கடைக்கு வந்த வாரமே என் கணவர் ஒன்று வாங்கிவந்தார். தம்பி மனைவி செய்ததாயிற்றே! நான் அதைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழாக மூன்று கோடுகள்.

“இதுல கோடு எதாவது தெரியுதா?” என்று அவரிடமே கேட்டேன்.

“கோடா? எதுலயாவது நொட்டை சொல்லலைன்னா உனக்கு தூக்கமே வராதே!”

“அப்படிச் சொல்லாதீங்க மாமா,” என்றாள் பக்கத்தில் நின்ற ஓரகத்தி. “அக்காவாலதான் இது இவ்வளவு தூரம் வந்துச்சு. போன் கம்பெனில ரெண்டு பேர் இதை செக் பண்றதா இருந்துச்சாம். எங்க பூதக்கண்ணாடி பாத்தாச்சுன்னு மேனேஜர் சொன்னதும், அப்புறம் யாரும் பாக்கவே இல்லையாம்.”

இப்போது சொன்னால்கூடத் திருத்திவிடலாம். முதலில் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் கையில், லிஃப்டில் பக்கத்தில் நிற்பவள் கையில், எங்கே திரும்பினாலும் இனி அந்த விரிப்புதான்.

“நல்லா இருக்குல்லக்கா?” என்றாள் அவள், என் முகத்தையே பார்த்தபடி.

“நல்லா இருக்கு,” என்றேன். அது பொய்யில்லை. எல்லோருக்கும் விரிப்பு தெரிந்தது. எனக்கு மட்டும் கோடு தெரிந்தது.