மேசைக்கு அந்தப் பக்கம்

அட்டைப்பெட்டி கம்பெனியில் எல்லோருக்கும் அவள் கட்டிங் அக்கா. பதினோரு வருடம் வெட்டும் மிஷினில் நின்றவள். ஒருநாள் மிஷினின் காப்புத் தகடு கழன்றுபோனது; அப்படியே ஓட்டச் சொன்னார் சூப்பர்வைசர். மூன்றாம் நாள் அவளுடைய ஆள்காட்டி விரல் நுனி போனது. கவனக்குறைவு என்று பழியை அவள் தலையில் கட்டி, வேலையை விட்டும் நிறுத்தினார்கள். அவள் விடுவதாக இல்லை. நியாயம் கேட்டுக் கம்பெனிக்கு எழுதினாள். விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு மத்தியஸ்தரை அமர்த்தியிருப்பதாகப் பதில் வந்தது.

அந்தச் சொல் அவளுக்கு வாயிலேயே நுழையவில்லை. அச்சகத்தில் பிழை திருத்தும் நாத்தனாரிடம் கடிதத்தை நீட்டினாள்.

"வடமொழிச் சொல்லு அண்ணி. மத்தியம்னா நடு, ஸ்தன்னா நிக்கிறவர். தமிழ்ல நடுவர்னு சொல்றோமே, அதுவும் 'நடு'ங்கிறதுலேர்ந்து வந்ததுதான்."

"அப்ப ரெண்டு பாஷையிலயும் அந்தாளு நிக்க வேண்டிய இடம் ஒண்ணுதான்," என்றாள் அவள்.

விசாரணையன்று மத்தியஸ்தர் மேனேஜரின் காரிலேயே வந்து இறங்கினார். அரை மணி நேரம் மேனேஜர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டீ குடித்தார். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜரோடு தோளுரச உட்கார்ந்து, ஒரு தாளை இவள் பக்கம் தள்ளினார். தீர்ப்பு எதுவானாலும் சம்மதம் என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் சட்டுபுட்டென்று முடித்துவிடலாம் என்றார்.

அவள் உட்காரவே இல்லை. குரல் பிசிறாமல் சொன்னாள்.

"நடுவுல நிக்கிறதுன்னுதான் சார் உங்க வேலைக்கே பேரு. நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வேறெங்கும் வேலை கிடைக்காமல் செய்துவிடுவேன் என்று மேனேஜர் மிரட்டினார். அவள் தாளைத் திருப்பினாள். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பேனாவை இடுக்கி, 'இங்கே நடுவில் யாரும் இல்லை' என்று கோணல்மாணலாக எழுதித் தேதி போட்டாள். போனில் படம் எடுத்துக்கொண்டு நேரே தொழிலாளர் அலுவலகம் போனாள்.

ஆறு வாரம் நடையாய் நடந்தபின் இருதரப்பும் ஒப்புக்கொண்ட வேறொருவர் வந்தார். அந்த அம்மாள் டீயை வேண்டாமென்று சொல்லிவிட்டு முதலில் மிஷினைக் காட்டச் சொன்னார். காப்புத் தகடு அப்போதும் மூலையில்தான் கிடந்தது. தவறு கம்பெனியுடையது என்று தீர்ப்பானது. வேலையும் திரும்பக் கிடைத்தது.

பேக்கிங்கில் லேசான வேலை இருக்கிறது, அங்கே போகலாமே என்று மேனேஜர் குழைந்து பார்த்தார். தன் மிஷின் எங்கேயோ அங்கேதான் தானும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே நடந்தாள்.