இரண்டு பல் தள்ளி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்த மனிதனுக்கும் ஸ்கிட் லோடரின் வயிற்றுக்குள் தலையை விடப் பிடிக்காது. எனக்கு இருபத்தாறு வருஷமாகப் பிடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே பம்பரமாகத் திரும்பி மண் அள்ளும் குட்டி மெஷின் என்று வாங்குகிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள். கேபினைத் தூக்கி முட்டுக்கொடுத்து, இடுப்பு ஒடிய உள்ளே குனிகிற மெக்கானிக்கை யாரும் கேட்பதில்லை.

திங்கட்கிழமை அதில் புது ஆள் ஏறுகிறான். பதினோரு வருஷமாக எங்கள் மணல், ஜல்லி யார்டில் அதை ஓட்டியவர் என் அக்கா புருஷன். இரண்டு மாதமாக மாமாவுக்குக் கை நடுங்குகிறது. பக்கெட்டை ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னால் அது தலையாட்டுகிறது. போன வாரம் குடோன் தூணில் இடித்துவிட்டார். அவரை கேட்டில் உட்கார வைத்துவிடலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். கேட்டில் வேலை, வருகிற லாரிகளின் நம்பரை எழுதுவது. நடுங்குகிற கையால் எப்படி எழுதுவார் என்று மேனேஜர் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

மாமா முதலில் மெஷினைத்தான் சொன்னார்.

"மாப்ள, லீவர்ல ஒரு அதிர்வு வருது. சாயங்காலம் இறங்கினா முழங்கை வரைக்கும் மரத்துப் போயிடுது."

கிரீஸ் கன்னை எடுத்து எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில் சுற்றும் ஷாஃப்டுக்குக் கிரீஸ் அடித்தேன். மறுபடி சொன்னார், மறுபடி அடித்தேன். மூன்றாவது முறை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கொஞ்ச நாள் முன்புதான் அந்த ஷாஃப்டைக் கழற்றி, கழுவி, இரண்டு முனைக்கும் புது ஜாயின்ட் போட்டு மாட்டியவனே நான். என் வேலையில் குறை சொல்ல இவர் யார் என்று தோன்றியது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன், நாலு பேர் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அதோடு என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பிறகு மேனேஜர் கேட்டார், கோளாறு மெஷினிலா, ஆளிலா என்று. மெஷினில் ஒன்றும் இல்லை என்றேன். அக்கா கேட்டாள். அவளுக்கும் அதே பதில். அவள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். நரம்புத் தளர்ச்சியாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் அவருக்கு டம்ளரில் பாதித் தண்ணீர்தான் ஊற்றுகிறாள். சட்டைப் பொத்தானை அவளே போட்டுவிடுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மாமா வலது கையைத் தொடைக்குக் கீழே அமுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. வயசாகிறது, யாருக்குத்தான் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்று, புது ஆளிடம் கொடுக்குமுன் எல்லாவற்றையும் பார்த்துவிடு என்று உத்தரவு. ஜாயின்ட்டுக்குள் சிலுவை மாதிரி ஒரு கிராஸ் இருக்கும். அதன் நாலு கையிலும் நாலு கப். கிரீஸ் அடித்தால் நாலு கப்பின் ஓரத்திலும் கசிய வேண்டும். பம்ப் பக்கத்து ஜாயின்ட்டில் மூன்றில் கசிந்தது. நாலாவது வாயைத் திறக்கவில்லை.

அலுத்துக்கொண்டே ஷாஃப்டை இறக்கினேன். அந்தக் கப்பைத் தட்டி எடுத்தால், உள்ளே வரிசையாக நின்று உருள வேண்டிய எஃகு ஊசிகள் துருப்பொடியாகக் கொட்டின. இரண்டு மாத ஜாயின்ட் இப்படிச் சாகக் கூடாது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மட்டமான சரக்கு என்று கடைக்காரனைத் திட்டினேன்.

புது கிராஸைப் பிரித்தேன். கப்புக்குள் கிரீஸைப் பூசி ஊசிகள் சாயாமல் நிறுத்தி, ஷாஃப்ட் முனையில் கவட்டை மாதிரி இருக்கிற யோக்கின் ஓட்டையில் பாதி செலுத்தி, கிராஸை உள்ளே கொண்டுவந்து, வைஸில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். ஒரே ஒரு ஊசி சாய்ந்து அடியில் கிடந்தாலும் கப் முழுசாக உட்காராது, லாக் வளையம் காடியில் விழாது. அவசரக்காரன் அங்கேதான் சுத்தியலை எடுப்பான். எனக்கு ஒன்று சாய்ந்தது. வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி நிறுத்தினேன். நாலு லாக்கும் விழுந்தன. கிராஸ் கையால் தள்ளினாலே நாலு பக்கமும் அசைந்தது. நல்ல வேலை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஷாஃப்டை மேஜையில் நீட்டி வைத்துக் குனிந்து பார்த்தேன்.

கூடம்தான் கோணல்.

ஷாஃப்ட் ஒரே கம்பி அல்ல. இரண்டு துண்டு. பல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று நுழையும். இரண்டு முனையிலும் இருக்கிற யோக்குகள் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒன்றின் குலுக்கலை மற்றது வாங்கிக்கொள்ளும். தள்ளி மாட்டினால் எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் மெஷின் உதறும். அதனால் கழற்றுமுன் இரண்டு துண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்வோம். மாட்டும்போது கோட்டோடு கோடு. நானும் போட்டேன், சாக்பீஸால். போட்டுவிட்டு டீசலில் முக்கிக் கழுவினேன். கோடு போய்விட்டது. பிறகு கண் மதிப்பில் செருகினேன். பதினாறு பல்லில் இரண்டு பல் தள்ளி.

உருவி, இரண்டு பல் திருப்பி, செருகினால் முடிந்தது. அரை நிமிஷ வேலை. பார்த்தவர் யாரும் இல்லை. திங்கட்கிழமை மெஷின் வெண்ணெயாக ஓடும். புது ஆள் ஏறியதும் எப்படி ஓடுகிறது பார், கோளாறு அந்த மனுஷன் கையில்தான் இருந்தது என்பார்கள். நான் சத்தமில்லாமல் சரி செய்தால் மாமா நோயாளி என்பது உறுதியாகிவிடும். அது தெரிந்தும் அந்த அரை நிமிஷத்தின் மேல் எனக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப்போக வந்தாராம்.

"என்ன மாப்ள, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருக்க."

"மாமா, இங்க வாங்க. இதைப் பாருங்க."

பதினோரு வருஷம் அந்த மெஷினோடு இருந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு கண்ணை மூடி ஷாஃப்டின் நீளத்துக்குப் பார்த்தார்.

"எத்தனை பல்லு?"

"ரெண்டு."

"எப்பலேர்ந்து?"

"நான் மாட்டின நாள்லேர்ந்து. கோட்டைப் போட்டுட்டு நானே கழுவிட்டேன். என் தப்பு மாமா. நீங்க சொல்லச் சொல்ல கிரீஸ் அடிச்சே உங்களை அனுப்பிட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் வலது கையைத் தூக்கி, புறங்கையையும் உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப இதுல ஒண்ணும் இல்லையா?"

"அதிர்வுல வந்ததாத்தான் இருக்கும். அது நின்னா குறைஞ்சிடும்னு நினைக்கிறேன். டாக்டர்கிட்ட இதையும் சொல்லிக் கேட்போம், நான் கூட வர்றேன்."

லோடரின் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மேனேஜர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

"அவர் எங்க போயிடப் போறார். முதல்ல உங்க அக்காவுக்குப் போன் போடு."

"நீங்களே சொல்லுங்களேன் மாமா. சந்தோஷப்படுவா."

"நான் ரெண்டு மாசமா சொல்லிட்டுத்தான் இருந்தேன். அவ, 'என் தம்பி பார்த்துட்டான், மெஷின்ல ஒண்ணும் இல்லையாம்'னா. போகப் போக எனக்கே அவ சொல்றதுதான் சரின்னு ஆயிடுச்சு."

கையைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டு போன் போட்டேன். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள்.

"என்னடா, வேலை நேரத்துல கூப்பிடற? மறுபடியும் எதையாவது இடிச்சிட்டாரா?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா" என்றேன். "அவர் இல்ல. நான்தான்."