யார் வறுத்த பொடி

ஐம்பத்திரண்டு வயதில் ரசப்பொடி விற்கக் கிளம்புகிறவன் வெட்கம் மானம் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய இடத்திலும் பார்க்காமல் போனதைத்தான் சொல்ல வந்தேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தேழு வருஷம் விற்பனை பார்த்தேன். போன வருஷம் இழுத்து மூடினார்கள். மூன்று மாதம் வீட்டில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தச் சமயம் என் மனைவி வைதேகிக்குக் கை எலும்பு முறிந்தது. எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாகப் பாத்திரம் தேய்த்துவந்த அன்புச்செல்வி, தன் வீட்டுப் பொடியைக் கொண்டுவந்து ரசம் வைத்துக் கொடுத்தாள். மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். இதை விற்கலாமே என்று முதலில் சொன்னவன் நான்தான். அந்தப் பெருமையாவது எனக்கு இருக்கட்டும்.

வறுப்பதும் பக்குவம் பார்ப்பதும் அவள். மில்லுக்குத் தூக்கிப் போவது, பாக்கெட் போடுவது, விற்பதெல்லாம் நான். "இனிமே நீ வேலைக்காரி இல்ல, பார்ட்னர்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அதை நம்பி எங்கள் வீட்டோடு இன்னும் மூன்று வீட்டு வேலையையும் விட்டுவிட்டாள்.

மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை கடை போட இடம் கிடைத்தது. அதுதான் எங்கள் முதல் கடை. அன்புச்செல்வி தீபாவளிப் புடவையில் வந்திருந்தாள்.

"யாராச்சும் கேட்டா நான் செஞ்சதுன்னு சொல்லுவீங்க இல்ல சார்?"

"பின்ன? உன் பேரைச் சொல்லித்தான் விக்கப்போறேன்."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரத்னா மாமிதான் முதலில் வந்தார். பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்தார்.

"பேஷா இருக்கே. யார் பண்றது? உங்காத்து மாமியா?"

ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாமியின் பார்வை என் பக்கத்தில் நின்றவள் மேல் போய், பாக்கெட்டுக்குத் திரும்பியது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொன்னேன்.

"ஆமாம் மாமி, வைதேகிதான். எல்லாம் எங்காத்துலயே பண்றதுதான்."

வைதேகிக்கு மிளகாய் நெடி பட்டாலே தும்மல் வரும்.

"அதானே, கைமணம் தெரியறதே" என்று மாமி நான்கு பாக்கெட் எடுத்தார். பிறகு அன்புச்செல்வியிடம், "நீ இவாத்துல வேலை பண்றியாம்மா?" என்றார்.

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பை தேடுகிற சாக்கில் மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன்.

"ஆமாம்மா, ஒம்போது வருசமா" என்றாள் அன்புச்செல்வி. "எங்க வீட்டு மாமி பொடின்னா பொடிதான். மல்லி கருகாம வறுப்பாங்க பாருங்க, எனக்கெல்லாம் அது வராது."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பம்பைக்கூட நான் அப்படி விற்றதில்லை. ரத்னா மாமி அக்கம்பக்கத்தையெல்லாம் அழைத்து வந்தார். வந்தவர்களிடமெல்லாம் அன்புச்செல்வியே முந்திக்கொண்டு வைதேகியின் கைப்பக்குவத்தைச் சொன்னாள். பன்னிரண்டு மணிக்குள் மேஜை காலி. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. நன்றாக விற்கிறதே என்றிருந்தது. இதைச் சொல்லத்தான் நாக்கூசுகிறது.

திரும்பி வரும்போது ஆட்டோவில், "மன்னிச்சுக்கோ" என்றேன்.

"வுடுங்க சார். வித்துச்சு இல்ல."

"அடுத்த தடவை கண்டிப்பா உன் பேரைச் சொல்றேன்."

"வேணாம். அடுத்த தபாவும் அதையே சொல்லுங்க. இப்ப மாத்தினா யாரு வாங்குவா?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள்.

"எம் பொண்ணு காலைலருந்து அழுதுகினு இருந்தா சார், அம்மா கடைய நானும் பாக்கணும்னு. நான்தான் டியூஷனுக்குப் போன்னு தொரத்திட்டு வந்தேன். நல்ல வேள."

கோட்டூர்புரத்தில் அவள் இறங்கிக்கொண்டு, "வரேன் சார்" என்றபோதும் என்னால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.