எந்தக் கால்?

காலை எட்டரைக்கே சாம்பிள் ரூமில் தொட்டியை நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்துச் செய்த தொட்டி. பாதிக் கெண்டைக்கால் மூழ்கும் ஆழம், ஆறு எட்டு எடுத்து வைக்கும் நீளம். அந்த அறைக்குப் பொறுப்பான மாஸ்டர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளைத் துண்டின் மேல் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் ஏழு. பெண்கள் செருப்பில் ஏழாம் நம்பருக்கு அச்சில் வார்த்தது போன்ற கால் அவளுடையது. நீளம், அகலம், புறங்காலின் உயரம் எல்லாம் அளவுக்கட்டைக்குச் சரி. புது மாடல் எது வந்தாலும் முதலில் அவள் போட்டு நடக்க வேண்டும். எங்கே கடிக்கிறது, எங்கே உரசுகிறது என்று சொல்ல வேண்டும். அவள் சரி என்ற பிறகுதான் நாற்பதாயிரம் ஜோடிக்கு ரப்பர் வெட்டுவார்கள்.

அந்தக் கால்களில் மூன்று மாதமாக உணர்ச்சி இல்லை.

முதலில் கண்டுபிடித்தவன் அவள் புருஷன். ஒரு மாலை அவள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தபோது, "அதென்ன டக்கு டக்குனு சத்தம்? கம்பெனியில லாடம் அடிச்சு அனுப்பிட்டாங்களா?" என்று சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே காலைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலில் ஒரு குட்டை ஆணி, தலை வரை இறங்கியிருந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைக் கண்ணை மூடச் சொன்னாள். "நைலான் நரம்பால அடிக்கால்ல தொடுவேன். தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க." அவள் காத்திருந்தாள். சுவரில் மின்விசிறி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. பொறுமை போய், "ஆரம்பிங்கம்மா" என்றாள்.

"முடிச்சிட்டேன்மா" என்றாள் நர்ஸ். "இந்தக் கால்ல ஆறு தடவை, அந்தக் கால்ல ஆறு தடவை."

சர்க்கரை. மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டே நர்ஸ், வெறுங்காலோடு நடக்காதீங்க, தினமும் கண்ணாடி வச்சு அடிக்காலைப் பாருங்க என்றாள். "என்ன வேலை பாக்குறீங்க?"

"செருப்பு கம்பெனியில."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் அன்றே முடிவு செய்துவிட்டாள். சாம்பிள் ரூமுக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் ஒட்டு ஹாலில் பசை தடவியவள். பசை நெடியில் நெஞ்சு அடைத்து, இரண்டு முறை தரையில் விழுந்து, தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது முறை எழுந்திருப்பாளா என்று டாக்டருக்கே சந்தேகம். அவளைக் காப்பாற்றியது இந்தக் காலின் அளவு. ஆண்கள் செருப்புக்கு இருந்த எட்டாம் நம்பர்காரனுக்குப் பெருவிரல் பக்கத்தில் எலும்பு வளர்ந்தது. ஒரே வாரத்தில் அவன் ஸ்டூலில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். போனவன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் சொன்னது ஒருத்தியிடம் மட்டும். ஒட்டு ஹாலில் வேலை செய்பவள், வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள். அவளுக்கும் ஏழுதான். பாதம் ஒரு நூல் அகலம் கூடுதல் என்பதால் சாம்பிள் ரூம் அவளை எடுக்கவில்லை. மூன்று மாதமாக ரேடியோதான் புது மாடல்களைக் கழிப்பறைக்குள் போட்டுப் பார்த்துச் சொல்லி வந்தாள். இன்று காலையிலும் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருவரும் நின்றார்கள்.

"கேட்டுக்கக்கா. சாம்பல் வார் போட்டது குதிகால்ல கடிக்குது. கறுப்பு, சுண்டுவிரலை நசுக்குது. சிவப்பு மெத்துனு இருக்கு. என் மாமியார் பேச்சு மாதிரி இல்ல, நெசமாவே மெத்துனு."

"நடந்து பாத்தியா?"

"இதுக்குள்ள எங்க நடக்கிறது? நாலு எட்டு வச்சேன். அஞ்சாவது வச்சா சுவத்துல மூக்கு உடையும்."

"தண்ணியில?"

"குழாயில நனைச்சேன், போதும். நீ மூஞ்சியை மட்டும் ஒழுங்கா வச்சுக்க. கடிக்குதுன்னு சொல்லும்போது கொஞ்சம் சுளிக்கணும்க்கா. போன தடவை கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நின்ன."

"எனக்குப் பயமா இருக்குடி. இன்னைக்கு பையர் நேர்ல வர்றாங்களாம்."

"வரட்டும். அவங்க காலா உன் செருப்புக்குள்ள இருக்கு?"

பையர் என்பது கடைகளுக்காகச் சரக்கு எடுக்க வருபவர். பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயது அம்மாள், கையில் ஒரு அட்டை, அதில் கட்டம் போட்ட தாள். மாஸ்டர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"எங்ககிட்ட வாங்குறவங்க மலை ஏறுவாங்க. நடுவுல ஓடை வரும். செருப்பைக் கழட்டாம இறங்கணும், வழுக்கக் கூடாது, ஏறினதும் சீக்கிரம் காயணும். நாள் பூரா நடந்தாலும் கால் கடிக்கக் கூடாது. ரெண்டு மூணு வருஷம் வார் அறாம உழைக்கணும்." அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க மலைக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லம்மா. மாடிப்படிதான்."

மாஸ்டர் பெரிதாகச் சிரித்தார். அவள் சாம்பலைப் போட்டு அறையைச் சுற்றி வந்தாள். குதிகாலில் கடிக்கிறது என்று சொல்லி, மறக்காமல் முகத்தைச் சுளித்தாள். கறுப்பைப் போட்டாள், சுண்டுவிரல் என்றாள். அம்மாள் குனிந்து இரண்டு இடத்தையும் விரலால் அழுத்திப் பார்த்து, தலையாட்டி, தாளில் எழுதினார். சிவப்பைப் போட்டு நடந்ததும், "இது மெத்துனு இருக்கும்மா" என்றாள். அக்குளில் வியர்வை ஓடியது. முடிந்தது என்று நினைத்தாள்.

"அப்ப சிவப்பையே தண்ணியில பாத்துடலாம். கல்லு போட்டிருக்கீங்களா?"

"போட்டாச்சுங்க" என்றார் மாஸ்டர். "ஆத்துக்கல்லு கிடைக்கல. மாடி கட்ட வந்த ஜல்லி இருந்துச்சு, ரெண்டு கூடை கொட்டிட்டேன்."

அவள் தொட்டிக்குள் பார்த்தாள். தண்ணீருக்கடியில் கருநீல ஜல்லிகள், உடைத்த கூர்முனை மழுங்காமல் கிடந்தன. இதைப் பற்றி ரேடியோ ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இறங்கினாள். கெண்டைக்காலில் தண்ணீர் சில்லிட்டது. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. யாரோ இரவல் கொடுத்த இரண்டு கால்களின் மேல் நிற்பதுபோல இருந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஜல்லி நறநறவென்று நகர்ந்தது. அதைக் காதால்தான் தெரிந்துகொண்டாள்.

"கல்லு உள்ள வருதா?"

பென்சில் தாளின் மேல் காத்திருந்தது. வரவில்லை என்றால் நம்புவார்களா? வருகிறது என்றால் எங்கே என்று கேட்பார்கள்.

"வருதும்மா. வந்த வேகத்துல தண்ணியோடவே வெளிய போயிடுது."

அம்மாளின் முகம் மலர்ந்தது. "அதுதான் வேணும். இன்னும் பத்து சுத்து நடங்க."

இரண்டு, மூன்று, நான்கு. எண்ணிக்கொண்டே நடந்தாள். எண்ணுவதில் பயம் கொஞ்சம் குறைந்தது. ஆறாவது சுற்றில் மாஸ்டர், "ஐயோ, நில்லு!" என்று கத்தினார்.

தண்ணீர் சிவந்திருந்தது.

"சாயம் போகுது" என்றார் அம்மாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தொட்டியருகே வந்தார். "மாஸ்டர், என்ன இது? வார்ல சாயம் நிக்காதுன்னா மொத்த ஆர்டரும் போச்சு."

"இருக்காதுங்க, மூணு தடவை அலசிப் பாத்தது." என்றார் மாஸ்டர். அவருக்கும் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துண்டை உருவி எடுத்து, "காலை எடு, எடு" என்றார். அவள் வலது காலைத் தூக்கி விளிம்பில் வைத்தாள். சிவப்பு வாரை அவர் பலங்கொண்ட மட்டும் தேய்த்தார். துண்டைப் பார்த்தார். வெளுப்பாகவே இருந்தது. இன்னொரு பக்கத்தால் தேய்த்தார். அதுவும் வெளுப்பு.

மாஸ்டர் மூச்சு விட்டார்.

"சாயம் இல்லைங்க. ரத்தம்தான்."

"நல்லவேளை" என்றது அம்மாளின் வாய். சட்டென்று கூச்சப்பட்டு, "ஐயையோ, முதல்ல அதைக் கவனிங்க. எந்தக் கால்ல பட்டுச்சு?" என்றார்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். கலங்கல். வலது கால் விளிம்பின் மேல் இருந்தது, இடது கால் உள்ளே எங்கோ இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி மௌனமாக இருந்தன. மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

"இதாம்மா" என்று வலது காலைத் தொட்டாள்.

மாஸ்டர் வாரை அவிழ்த்துப் பாதத்தைத் திருப்பினார். தண்ணீரில் ஊறி வெளிறிய தோல். கீறல்கூட இல்லை. அவள் பின்னால், இடது கால் நின்ற இடத்திலிருந்து சிவப்பு ஒரு நூலாக மேலே வந்து விரிந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் கடைசியாகத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

இடது செருப்பைக் கழற்றியபோது, உள்ளங்கால் வளைவில் ஒரு ஜல்லி பதிந்திருந்தது. மாஸ்டர் அதைப் பிடுங்க வேண்டியிருந்தது.

"வலிக்கலையா உங்களுக்கு?" அம்மாள் மெல்லக் கேட்டார்.

"வலிக்குதும்மா" என்றாள். முகத்தை நன்றாகவே சுளித்தாள்.

அம்மாள் காதிலிருந்து பென்சிலை எடுத்து, தாளில் எழுதியிருந்த மூன்று வரிகளையும் அடித்தார். "மாஸ்டர், போன மாசம் நாங்க எடுத்த மாடலுக்கும் இவங்கதானே சொன்னது?"

மாஸ்டர் துண்டைக் கிழித்து அவள் காலில் சுற்றி, மேலே பெட்டி ஒட்டும் டேப்பை ஒட்டினார். தலை நிமிராமல் பேசினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நாளைக்கு வர வேண்டாம். ஆறட்டும். ஆறினதும் வா, ஒட்டு ஹால்ல ஏதாச்சும் பாக்கலாம்."

"மாஸ்டர், அந்த நெடி எனக்கு..."

"தெரியும். என்ன பண்ணச் சொல்ற?"

எழுந்து கதவைத் திறந்து, கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏழாம் நம்பர் கால் யாருக்கு இருக்கு? கொஞ்சம் அகலமா இருந்தாலும் பரவாயில்ல."

சற்று நேரம் கழித்து ரேடியோ வந்தாள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. ஸ்டூலில் டேப் சுற்றிய காலோடு இருந்தவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"அக்காவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, சின்னக் காயம். நீ இறங்கு. சரியா இருந்தா இனிமே இங்கதான் உனக்கு வேலை." மாஸ்டர் சிவப்புச் செருப்பைக் குழாயில் கழுவி அவள் முன் வைத்தார்.

ரேடியோ ஸ்டூலைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமினாள். நீளமாக, கண்ணில் நீர் வரும் வரை இருமினாள். ஸ்டூலில் இருந்தவளுக்கு அந்த இருமல் தெரியும். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தண்ணி செவப்பா இருக்கே மாஸ்டர்."

"சாயமில்ல, பயப்படாத."

ரேடியோ வாரை இறுக்கிக்கொண்டு இறங்கினாள். முதல் எட்டு வைத்ததும் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. இரண்டாவது எட்டு வைத்தாள். மூன்றாவது. அம்மாள் புதுத் தாளைப் பென்சிலோடு ஏந்திக்கொண்டு அருகில் வந்தார்.

"உண்மையைச் சொல்லணும், சரியா? கல்லு குத்துதா?"

"இல்லம்மா" என்றாள் ரேடியோ. "மெத்துனு இருக்கு."

தொட்டி விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய பத்து விரல்களும் வெளுத்திருந்தன.